சரளம்

காலை ஐந்தரை ஆகிவிட்டது. போன் அடிக்கவில்லை. அடிக்காது என்று நேற்றே தெரியும். ஆனாலும் மங்கையர்க்கரசி மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில், தொட்டிக் குழாய் வளைந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்துப் படியில், உட்கார்ந்து உட்கார்ந்து சேலையின் பின்பக்கம் சுண்ணாம்பு ஒட்டும் அந்த ஒரே படியில் உட்கார்ந்திருந்தாள். சிமெண்டு குளிர்ந்து கிடந்தது. இந்த மாதம் அழைக்க வேண்டியது கூட்டாளி மிஸ்டர் ராஜின் முறை. போன மாதம் அவள் முறை. முறை தவறக் கூடாது, நேரம் தவறக் கூடாது, தமிழ் வரக் கூடாது. ஆங்கிலப் பயிற்சி வாட்ஸப் குழுவில் சேர்ந்த அன்று கோச் ஸ்ரீதர் அனுப்பிய குரல்பதிவில் இவைதான் இருந்தன. செருப்பை வாசலில் விடுகிற மாதிரி தமிழை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்றார். அதை அவர் தமிழில்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எல்லோரும் கை தட்டும் படம் போட்டார்கள், அவளும் போட்டாள். குழுவை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். தினமும் காலையில் ஒரு தலைப்பு வரும், கூட்டாளிகள் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், ஒருவர் பேச்சை மற்றவர் பாராட்ட வேண்டும், குறை சொல்லக் கூடாது, குறை சொன்னால் வாய் மூடிக்கொள்ளும் என்பது கோச்சின் கொள்கை. தப்பித் தவறி ஒரு தமிழ்ச் சொல் வந்துவிட்டால் குழு முழுவதும் கேட்க ஆங்கிலத்தில் மன்னிப்புப் பதிவு போட வேண்டும். அவள் ஒருமுறை போட்டிருக்கிறாள், ஐயோ என்று சொன்னதற்காக. காலுக்கடியில் கரப்பான். அன்றைக்கு மறுமுனையில் மிஸ்டர் ராஜ் விழுந்து விழுந்து சிரித்தார், சிரிப்புக்கு மொழி இல்லாததால் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மிஸ்டர் ராஜ் என்பதைத் தவிர அவருக்கு வேறு பெயர் உண்டா என்று அவள் கேட்டதில்லை. அவள் மிஸஸ் மங்கை. எந்த ஊர் என்று கேட்டதற்கு சவுத் என்றார், அவள் வெஸ்ட் என்றாள், ஈரோடு என்று சொல்வதற்கு என்ன தயக்கம், ஈரோடு ஆங்கிலத்திலும் ஈரோடுதானே, ஆனால் சொல்லவில்லை. கீழ்வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள், அதிரும் நிலையில், அது அதிரவில்லை. கீழ்வீட்டுச் சரசக்கா இந்நேரம் குடத்தோடு வெளியே வந்திருப்பாள். "ஏனுங் மங்கை, அமெரிக்காவுல ஆருங் இருக்கறாங்க உங்களுக்கு? தெனமும் வெடிஞ்சும் வெடியாம பேசறீங்களே" என்று ஒருநாள் கேட்டாள். ஆஸ்பத்திரி வேலைக்காகப் படிக்கிறேன் அக்கா என்றபோது, "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று தெரிந்து, "நல்லதுதானுங்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குள்ளே குழந்தைவேலுவின் பேச்சு வேறு மாதிரி. "துரைசாணி எந்திரிச்சாச்சா? காப்பித்தண்ணி கெடைக்குமா, இல்ல அதுக்கும் இங்கிலீசுல மனுப் போடோணுமா?" இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனிதன். கெட்டவன் இல்லை. ஒருமுறை மாடிப்படியின் திருப்பத்தில் வந்து நின்று அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு இறங்கிப் போனான், அன்று முழுவதும் பேசவில்லை. புரியாத மொழியில் பெண்டாட்டி சிரிப்பதைக் கேட்டால் எந்த மனிதனும் அப்படித்தான் இறங்கிப் போவான். மகள் தர்ஷினி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள், கல்லூரிப் பிள்ளை, அவளுக்கு எல்லாம் புரியும். "அம்மா, நீ இங்கிலீஷ் பேசறப்ப உங்குரலே மாறிப் போகுது. ஆரோ ஒரு பொம்பள மாதிரி இருக்கற." நல்லாருக்குதா என்று கேட்டாள். "அந்தப் பொம்பள கொஞ்சம் ஜாலியான பொம்பள" என்றாள் தர்ஷினி.

ஜாலியான பொம்பளை வேண்டுமென்று பெங்களூரில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அவள் பதினாறு வருஷமாக வரவேற்பு மேஜையில் உட்கார்ந்த ஆஸ்பத்திரியை அவர்கள் வாங்கியதும் முதலில் மேஜையை மாற்றினார்கள், பிறகு நாற்காலியை, பிறகு கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு நீலத்துணி கொடுத்தார்கள், கடைசியாக, நாலைந்து மாதத்தில் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா போனில் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார் என்றும் பேச முடியாதவர்களுக்கு அடித்தளத்தில் பழைய கோப்புகள் அறையில் வேலை இருக்கிறது என்றும் சொன்னார்கள். வேலை போகாது. ஜன்னல் போகும். வருகிறவர்கள் முகம் போகும். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவள் முகத்தைப் பார்த்ததுமே எந்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும், அவள் பவானியா அந்தியூரா என்று முதல் வார்த்தையிலேயே தெரியும், கண்ணு பயப்படாதே என்பதா, வாங்கம்மா என்பதா என்று நாக்கே முடிவு செய்துவிடும். அதைத் தேர்வு வைத்துப் பார்க்க பெங்களூரில் ஆள் இல்லை. சரி, இருக்கட்டும். கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்த வயதில்தான் அவள் குழுவில் சேர்ந்தாள். முதல் மாதம் கேவலம். என் பெயர், என் ஊர், என் குடும்பம், எனக்குப் பிடித்த நிறம். ஐம்பதைத் தொடப்போகிற பெண்ணும் அதைத் தாண்டிவிட்ட ஆணும் விடியற்காலையில் ஒருவருக்கொருவர் பிடித்த நிறம் சொல்லிக்கொண்டார்கள். நீலம் என்றாள். தனக்குப் பச்சை என்றார் அவர். வெரி குட் மேடம். வெரி குட் சார்.

பிறகு ஒன்று நடந்தது, அது எந்த வாரம் என்று அவளால் சொல்ல முடியாது. அவருக்கு வயது என்ன, அவள் என்ன ஆட்கள், அண்ணன் என்பதா, ஐயா என்பதா, நீங்கள் என்பதில் எவ்வளவு இழுப்பு வைப்பது, எதுவும் அந்த மொழியில் தேவைப்படவில்லை. ஒரே ஒரு யூ. அதை வைத்துக்கொண்டு ராஜாவிடமும் பேசலாம் நாயிடமும் பேசலாம். தமிழில் ஒரு ஆணிடம் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் எத்தனை வேலி தாண்ட வேண்டியிருக்கிறது, இங்கே வேலியே இல்லை, வெறும் பொட்டல். அந்தப் பொட்டலில் நின்றுகொண்டு ஒருநாள், சந்தோஷம் என்ற தலைப்பில், நான் சந்தோஷமாக இல்லை என்று சொல்லிவிட்டாள். தமிழில் அதைச் சொல்லியிருந்தால் ஏன் என்ன ஆச்சு என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள், குழந்தைவேலு சாப்பிடாமல் எழுந்து போயிருப்பான். ஆங்கிலத்தில் அது பாடப்புத்தகத்தில் வருகிற வரி மாதிரி வெளியே வந்து விழுந்தது, கனமே இல்லை. நானும் இல்லை மேடம் என்றார் அவர்.  பிறகு அவர் சந்தோஷத்துக்கு வேறு சொற்கள் என்னென்ன என்று கேட்டார், இருவரும் சேர்ந்து தேடிச் சொன்னார்கள். அவர் ஆங்கிலம் படிக்க வந்த காரணத்தையும் அப்போதுதான் சொன்னார். மகளைப் புனேயில் கட்டிக் கொடுத்தாராம், சம்பந்தி வீட்டார் எல்லோரும் ஆங்கிலம், கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் சிரித்துக்கொண்டே நின்றாராம், கன்னம் வலித்ததாம். பெண்ணின் அப்பாவுக்குப் பேச்சு வராதா என்று அவர்களில் ஒருவர் கேட்டது, அந்த ஒரு வாக்கியம் மட்டும், அவருக்கு நன்றாகப் புரிந்ததாம்.

மோட்டார் நின்றது. அந்த நிசப்தத்தில் மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. வரக் கூடாதென்றுதான் இவ்வளவு நேரம் சரசக்காவையும் பெங்களூரையும் நினைத்துக்கொண்டிருந்தாள், போன வாரம் முழுவதும் அப்படித்தான், பாத்திரத்தைத் தேய்த்தாலும் டோக்கன் எழுதினாலும் எதைப் பிடித்துக்கொண்டாலும் அது வழுக்கி அந்தச் செவ்வாய்க்கிழமையில் கொண்டுபோய் விட்டது. தலைப்பு: கஷ்டமான ஒரு நாள். அவள் முதலில் பேசினாள், பேருந்து தவறிய கதை. பிறகு அவர். எப்போதும் ஒவ்வொரு சொல்லுக்கும் இழுப்பார், பரணில் ஏணி இல்லாமல் எதையோ துழாவுகிற மாதிரி. அன்று துழாவவில்லை. நான் நாலு மணிக்கு எழுகிறேன். என் வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்கு ஒரு கடை இருக்கிறது. கடையில் மோட்டார் சாமான்கள் இருக்கின்றன. என் மகன் கடையைப் பார்க்கிறான். அவன் நன்றாகப் பார்க்கிறான். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார்கள். சாப்பிட்டேன் என்று சொல்கிறேன். இதுதான் கஷ்டமான நாள். நேற்றும் இதுதான். ஒரு நாள் நான் போனை வீட்டில் வைப்பேன். பஸ் ஏறுவேன். வேதாரண்யம் போவேன். சின்ன வயதில் மாமாவோடு போயிருக்கிறேன். அங்கே உப்பு நிலம் இருக்கிறது. எல்லாப் பக்கமும் வெள்ளை. அங்கே ஒரு ஆள் நின்றால் அது ஆளா கம்பமா என்று தூரத்திலிருந்து தெரியாது. நான் அங்கே நிற்பேன். திரும்பி வர மாட்டேன். குட்டிக் குட்டி வாக்கியங்கள், ஒவ்வொன்றும் முழுசு. உப்பளத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை, உப்பு நிலம் என்றார், அது அவளுக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்டுக்கொண்டே, இந்த மனிதர் பேச்சில் என்னை முந்திவிட்டாரே என்று நினைத்தாள். ஆமாம், அதைத்தான் நினைத்தாள், வேறு எதையும் நினைக்கவில்லை. முடித்ததும், வெரி குட் சார், எக்ஸலண்ட், இன்றைக்கு ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை என்றாள்.  அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. கரப்பானுக்குச் சிரித்த சிரிப்பு இல்லை, சின்னது, மூக்கால் விடுவது. தேங்க் யூ மேடம். அவள் குழுவில் போய் அவருக்குப் பத்துக்கு ஒன்பது போட்டாள். கோச் நெருப்புப் படம் போட்டார்.

புதன்கிழமை அழைப்பு இல்லை. காய்ச்சலாக இருக்கும். வியாழக்கிழமை கோபம் வந்தது, அதை இப்போது மறைத்து என்ன, தேர்வு நெருங்குகிற நேரத்தில் கூட்டாளியைக் கைவிடுகிறவர் என்ன மனிதர் என்று கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி லிப்டில், நாலு பேருக்கு நடுவில், போனை வீட்டில் வைப்பேன் என்ற வாக்கியம் காதில் விழுந்தது, யாரும் சொல்லாமல். அதிலிருந்து அது போகவில்லை. குழுவில் எண் இருக்கிறது, தொட்டால் போதும். ஆனால் தொட்டு? பயிற்சிக்கு வெளியே தனிப்பட்ட அழைப்பு கூடாது என்று விதி. விதியா இப்போது முக்கியம்? அவர் நலமாக இருந்து, அவரே எடுத்து, எஸ் மேடம் என்றால், அது நீங்கள் சொன்னது நிஜமா பயிற்சியா என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அவமானம் யாருக்கு? வீட்டில் வேறு யாராவது எடுத்தால்? விடிந்தும் விடியாமலும் ஒரு பொம்பளை போன் செய்து அவர் இருக்கிறாரா என்று கேட்டால் எந்த வீட்டில் சும்மா விடுவார்கள்? இங்கே குழந்தைவேலு சும்மா விடுவானா? போலீஸ் வந்தால்? ஆஸ்பத்திரிக்கே வந்தால், அந்த நீலத்துணி கட்டிய கழுத்தோடு அவளைக் கூப்பிட்டு நிறுத்தினால்? ஒன்றும் இருக்காது. ஆண்கள் அப்படித்தான் பேசுவார்கள், குழந்தைவேலுகூடச் சண்டை வந்தால் பழநிக்குப் போய்விடுவேன் என்பான், பெருந்துறை தாண்ட மாட்டான். இப்படியே ஞாயிறு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோச்சின் செய்தி: மிஸ்டர் ராஜ் ஒழுங்காக வருவதில்லை, அவரை நீக்குகிறேன், மிஸஸ் மங்கைக்குப் புதுக் கூட்டாளி, விடாமுயற்சியே வெற்றி. முப்பது பேர் கை தட்டினார்கள். தன் விரலும் அந்தப் படத்தின் மேல் போய் நின்றதை அவள் பார்த்தாள். அழுத்தவில்லை. அழுத்தாமல் இருந்ததை ஒரு நல்ல காரியமாக எண்ணி அன்றிரவு தூங்கிவிட்டாள்.

இன்றைய தலைப்பு எனக்குப் பிடித்த பழம். புதுக் கூட்டாளி நாளையிலிருந்து. இன்று தனியாகப் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பழக்கம் விட்டுப் போகக் கூடாது, ஒரு நாள் விட்டால் ஒரு வாரம் பின்னால் போகும் என்பார் கோச். எனக்குப் பிடித்த பழம் மாம்பழம். மாம்பழம் மஞ்சளாக இருக்கும். மாம்பழம் சேலத்திலிருந்து வருகிறது. என் வீட்டில் எல்லோரும் மாம்பழம் சாப்பிடுகிறார்கள். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவள் நிறுத்தினாள். அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். மாம்பழம் மஞ்சளாக இருக்கும், எல்லாப் பக்கமும் வெள்ளை. வாய் தன்பாட்டுக்குப் போகிறது. பழக்கினால் வாய் எங்கே வேண்டுமானாலும் போகும், அதற்குத்தானே பழக்கம். உப்பளத்தில் வெயில் ஏறினால் நிற்க முடியாது, பாதம் வெடித்துவிடும், யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள், ஒரு வாரம் யாரும் நிற்க முடியாது. ஒரு வாரம். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. பால்காரன் வண்டி தெருமுனையில் திரும்பியது. உள்ளே குழந்தைவேலு இருமினான், இன்னும் கால்மணியில் எழுந்துவிடுவான். எழுந்தால் எழட்டும். அவள் பழத்தை மூடிவிட்டுக் குழுவைத் திறந்தாள். நீக்கிவிட்டாலும் பழைய செய்திகளில் எண் அப்படியே இருந்தது. தொட்டாள். தொட்ட பிறகுதான் எந்த மொழியில் தொடங்குவது என்று யோசிக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள், போனைக் கையிலேயே வைத்திருந்த மாதிரி. "யாரு?" பெண் குரல். தூங்காத குரல். அவள் வாயில் முதலில் வந்தது குட் மார்னிங், அதை விழுங்கினாள். "நான் ஈரோட்டுலிருந்து பேசறனுங்க. ராஜ் சார் இருக்காருங்களா?"  "அந்த இங்கிலீசு டீச்சரா நீங்க?" டீச்சர். வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறார். இல்லை என்று சொல்ல இதுவா நேரம். "ஆமாங்க" என்றாள். "அவுக இல்லையே டீச்சர். போன புதன்கெழம விடியக்காலம் போனவுக. போனு மேசைமேல கெடக்கு. சட்டையும் வேட்டியும் அப்பிடியே கொடியில கெடக்கு, உடுத்துன உடுப்போட போயிருக்காக. விருதுநகரு முழுக்கத் தேடியாச்சு, மதுரைக்கும் ஆள் போயிட்டு வந்தாச்சு. டேசன்ல எழுதிக் குடுத்திருக்கு. நீங்களாச்சும் கூப்புடுவீகன்னு இதக் கையிலயே வச்சிருக்கேன், உங்களக் கூப்புட எனக்கு இதுல பாக்கத் தெரியல, மகன் பாத்தான், பூட்டுப் போட்டிருக்கு, தொறக்க வரலன்னான்." அவுக. அந்த ஒரு சொல்லில் அவர் ஊர் வந்துவிட்டது, வீடு வந்துவிட்டது, கொடியில் தொங்கும் சட்டை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் பொட்டலில் நின்ற மனிதருக்கு ஒரு நொடியில் சுவரும் கூரையும் பெண்டாட்டியும் முளைத்துவிட்டார்கள். "செவ்வாக்கெழம உங்ககிட்டதான் கடைசியாப் பேசுனாக. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன், காப்பி வச்சுக்கிட்டு. ஒரு எழுத்துப் புரியல. ரொம்ப நேரம் பேசுனாக, எங்ககிட்ட அம்புட்டு நேரம் அவுக பேசி வருசமாச்சு. கடைசில சிரிச்சாக. சரி, ஏதோ நல்ல விசயம்னு நெனச்சு நானும் சந்தோசமா அடுப்படிக்குப் போயிட்டேன். என்ன டீச்சர் சொன்னாக?"

பழத்தைப் பற்றிப் பேசினார் என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது, சாட்சி இல்லாத மொழி. அவள் வாயைத் திறந்தாள். "காத்தால நாலு மணிக்கு எந்திரிக்கறேன்னாருங்க" என்றாள். அடுத்தது வரவில்லை. ஆங்கிலத்தில் வரிசையாக நின்ற வாக்கியங்கள் தமிழுக்கு வர மறுத்தன, ஒவ்வொன்றையும் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது, இழுத்துவந்தால் அது வேறு முகத்தோடு வந்து நின்றது. "தன்னைய ஆரும் எதும் கேக்கறதில்லைன்னாருங்க... சாப்பிட்டீங்களான்னு மட்டும்..." அந்தப் பக்கம் ஒரு சத்தம், அழுகையா இருமலா தெரியவில்லை. "போனை வெச்சுட்டு... வேதாரண்யம் போறேன்னு... அங்க உப்பளத்துல போய் நின்னுக்கறேன், திரும்ப வரமாட்டேன்னு..." இந்த மொழியில் அது பயிற்சி இல்லை. முதல் முறையாக அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.  "வேதாரண்யமா?" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "அதுக்கு நீங்க என்ன சொன்னீக?" கீழே படிக்கதவு திறந்தது, குழந்தைவேலு நிற்கிறான், பனியனோடு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு. அவன் கேட்கும்படி, ஒளிக்காமல், நல்லாப் பேசறீங்கன்னு சொன்னனுங்க என்றாள்.

அந்தப் பக்கம் திட்டவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தாள், திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். போனை எங்கோ வைக்கும் சத்தம், "ஏய் கண்ணா, எந்திரிடா, இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குடா, ஒரு வாரமாத் தெரிஞ்சிருக்கு" என்று ஒரு கூவல், செருப்பில்லாத கால்கள் ஓடிவரும் சத்தம், பிறகு ஒரு ஆண் குரல், அவர் குரல் மாதிரியே, இருபது வயது குறைந்து. "வெயில்ராஜ் மகன் பேசுறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எங்க மாமாவும் இருக்காக. மொதல்லருந்து சொல்லுங்க." வெயில்ராஜ். குழுவுக்குள் வருவதற்காக வெயிலை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். குழந்தைவேலு நாலு படி ஏறி வந்து நின்றான், என்ன என்று கண்ணால் கேட்டான், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். காத்தால நாலு மணிக்கு எந்திரிக்கறேன்னாருங்க என்று தொடங்கினாள். இந்த முறை வந்தது. கடை, மகன், சாப்பாடு, போன், பஸ், உப்பளம், ஒவ்வொன்றும் தன் இடத்தில் தயாராக இருந்தது, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டிருந்தது, குரல்கூட நடுங்கவில்லை, அதைக் கவனித்துக்கொண்டே, கவனிக்கிறோமே என்று பயந்துகொண்டே, அவள் சொல்லிக்கொண்டு போனாள்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றான் மகன். "எழுதிக்கிடணும்."